சிலோன்காரர் போட்ட சத்தம்

சிவனாண்டிக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குருவுக்கு நாற்பதுதான். கண்மாய்க்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு மடம் வைத்திருந்த அந்தத் துறவியை ஊரார் மடத்தம்மா என்பார்கள். தன்னைவிட இளையவரிடம் போய் உபதேசம் கேட்பதா என்று சிவனாண்டி ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் அம்மா என்று கூப்பிடுவார். மடத்தம்மா அவரை அண்ணே என்பார்.

கார்த்திகை மழை நான்கு நாளாய் ஊற்றித் தள்ளிவிட்டு, அன்று காலைதான் கொஞ்சம் விட்டிருந்தது. சிவனாண்டி உள்ளே நுழைந்த வேகத்தைப் பார்த்ததுமே மடத்தம்மாவுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

“என்னண்ணே, முகம் கறுத்துக் கிடக்கு?”

“தமுக்கு அடிச்சாங்கம்மா. கண்மாய்க்கரை கரையுதாம். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரணும்னு, தமுக்குக்காரன் வாசல் வாசலா நின்னு சொல்லிட்டுப் போனான். என் வாசல்ல மட்டும் நிக்கல.”

“வயசானவர்னு விட்டிருப்பான்.”

“அடுத்த வீட்டுக்காரருக்கு எழுபது.”

மடத்தம்மா அவரைக்காயை ஒதுக்கி வைத்தார்.

சிவனாண்டி இலங்கையில், தேயிலை மலையில் பிறந்தவர். அவருடைய தாத்தா இந்த ஊரிலிருந்துதான் பிழைக்கப் போனார். அங்கே அவர்களை இந்தியாக்காரன் என்றார்கள். சரி, சொந்த நாட்டுக்கே போவோம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தால் இங்கே சிலோன்காரர். வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. மரியாதைக்கு ஒரு குறைவும் கிடையாது. கல்யாண வீடுகளில் முதல் வரிசை நாற்காலி அவருக்குத்தான். ஊர்வேலை என்று வந்தால் மட்டும் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அந்த வலி அவருக்குள் நெடுநாளாக இருந்தது.

“எத்தனை வருஷம் இருந்தாம்மா இது என் ஊராகும்? யார் வந்து சொல்லணும்?”

மடத்தம்மா எழுந்து போய், மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துவந்து நீட்டினார்.

“மடமும் ஒரு வீடுதானேண்ணே. இங்கேருந்தும் ஒரு ஆள் போகணும்ல. நீங்க போயிட்டு வாங்க.”

“என்னை வேலை செய்ய விடமாட்டாங்கம்மா.”

“அதைப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

சிவனாண்டி சொன்னபடியேதான் நடந்தது. முழங்கால் சேற்றில் நின்றிருந்த ஊர்த்தலைவர் சேவுகப்பெருமாள் அம்பலம் பதறிப்போனார்.

“ஐயா, நீங்க எதுக்கு இந்தச் சேத்துல? அப்படிப் புளிய மரத்தடியில உக்காருங்க. யாருப்பா, ஐயாவுக்கு ஒரு டீ குடுங்க!”

சிவனாண்டி உட்கார்ந்தார். டீயும் வந்தது. இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

கரையின் வெளிப்பக்கம் ஒரு ஆள் நீளத்துக்குச் சரிந்திருந்தது. கரை போனால் கீழே பால் பிடித்து நிற்கும் இருநூறு ஏக்கர் நெல்லும் போய்விடும். அறுபது பேர் கூடை கூடையாகச் சேற்றை அள்ளிக் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது வழுக்கிக்கொண்டு கீழே போனது. மலைச்சரிவில் மண் சரிவதைப் பார்த்தே வளர்ந்தவர் சிவனாண்டி. இது நிற்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நாம் யார் சொல்ல? அவர் டீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மாட்டுவண்டி அகலத்துக்கு இன்னொரு பாளம் பெயர்ந்து விழுந்தது.

“அட கூறுகெட்டவனுங்களா, நிறுத்துங்கடா!”

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலை ஊர் கேட்டதே இல்லை. அறுபது பேரும் திரும்பினார்கள். சிவனாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்.

“சேத்து மேல சேத்தைக் கொட்டுனா நிக்குமாடா? பரம்பரை பரம்பரையா இந்தத் தண்ணியைக் குடிக்கிறீங்க, இதுகூடவா தெரியல? முதல்ல கருவேலங்கம்பை வெட்டி வரிசையா முளை அடிங்க. குறுக்கே முள்ளைப் போட்டு நெருக்கிக் கட்டுங்க. அப்புறமா மண்ணைச் சாக்குல அள்ளி மூட்டையா அடுக்குங்க. யோவ் அம்பலம், வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதேய்யா!”

அம்பலத்தை யோவ் என்று கூப்பிட்டவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அவர் முகம் சிவந்தது.

“என்னய்யா, வாய் ரொம்ப நீளுது?”

“என் வாயை அப்புறம் அளந்துக்கலாம்யா. கரை போயிட்டா என்னத்தை அளப்ப? அரிவாளை எடு!”

அம்பலம் ஒரு கணம் முறைத்தார். பிறகு அரிவாளை எடுத்தார்.

மத்தியானம்வரை யாரும் நிமிரவில்லை. சிவனாண்டி போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துக் கொக்குகூட இறங்கவில்லை. முளை இறங்கியது, முள் ஏறியது, மூட்டை அடுக்கு அடுக்காய் உயர்ந்தது. கடைசி மூட்டையை வைத்துவிட்டு எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். கரை அசையவில்லை. கசிவும் நின்றது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தம் கண்மாயின் மறுகரை வரைக்கும் போனது. சிவனாண்டிக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது உச்சந்தலையிலிருந்து பாதம்வரை சேறு. கோபம் இன்னும் இறங்கவில்லை.

“ஒரு பயலுக்கும் பொறுப்பு கிடையாதும்மா! வெயில் காலத்துலயே கரையைப் பலப்படுத்தியிருக்கணுமா இல்லையா? மடைக்கதவு துருப்பிடிச்சுக் கிடக்கு, எவனாவது ஏன்னு கேட்டானா? வர்ற வருஷம் இவனுங்களை நான் சும்மா விடப்போறதில்ல. அம்பலம் இல்ல, அவங்க அப்பனே எந்திரிச்சு வந்தாலும் விடப்போறதில்ல!”

மடத்தம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் மடமடவென்று குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

“ஏண்ணே, இந்த ஊரை இப்படி ஏசுறதுக்கு உங்களுக்கு உரிமை குடுத்தது யாரு?”

சிவனாண்டி பதில் சொல்ல வாயைத் திறந்தார். யார் பெயரும் வரவில்லை. சேறு காய்ந்த முகத்தில் சிரிப்புதான் வந்தது.