பகலாத்தாளின் கண்ணாடி

"நாளைக்கு நான் மேலே ஏற மாட்டேன், குருவம்மா," என்றார் கடம்பர்.

குரு ஆதிரை கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது கூட.

"முழங்காலா?"

"கண்ணு. பனி மூடின மாதிரி மறைக்குது. அடுத்த வருஷம் ஒண்ணும் தெரியாதுன்னு வைத்தியர் சொல்லிட்டார்."

"அதனால?"

"நாளைக்கு ஒரே ஒரு தடவை அவ முகத்தைப் பார்த்துடணும்."

இரண்டு மலைகளுக்கு நடுவே கிடந்தது நிழலூர். சூரியத் தாயான பகலாத்தாள் வருஷத்தில் ஒரே நாள், அதுவும் உலை கொதிக்கும் நேரம் மட்டுமே, மலை இடுக்கில் தலைகாட்டுவாள். பாறை உச்சியில் ஒருவர் வெண்கலக் கண்ணாடியை நெஞ்சோடு அணைத்து நின்று, அந்த வெளிச்சத்தைக் கீழே கருவறைக்குள் அனுப்ப வேண்டும்.

அங்கே விளக்கு ஏற்றுவதில்லை. இருட்டில் இருக்கும் அவள் சிலையின் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்தால்தான் ஊருக்கு ஆண்டு பிறக்கும்.

இளவட்டமாக இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கண்ணாடி பிடிப்பவர் கடம்பர்.

"கைக்குழந்தைகூட அவளைப் பார்த்திருக்கு. நான் பார்த்ததெல்லாம் கண்ணாடியோட முதுகைத்தான்."

ஆதிரை சிரித்துவிட்டாள்.

"சரி, கீழேயே நில்லுங்க. கண்ணாடியை நான் பிடிக்கிறேன்."

"நீங்களா? பழக்கம் வேணுமே அம்மா..."

"பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதானே?"

ஆசை கடம்பரின் வாயை அடைத்துவிட்டது.

மறுநாள் கருவறை முன்னால் எள் விழ இடமில்லை. கடம்பர் முதல் வரிசையில் நின்றார்.

"நீங்க இங்கேயா?" பூக்காரி செவ்வந்தி பதறினாள். "அப்போ மேலே யாரு?"

"குருவம்மா."

"போச்சு!"

கொம்பு முழங்கியது. வெளிச்சம் வாசலைத் தாண்டிப் பாய்ந்து வந்தது. ஊர் ஓவென்று கத்தியது.

விழுந்தது தூணில்.

தூணிலிருந்து கூரைக்குத் தாவியது. வௌவால்கள் கலைந்து பறந்தன. அங்கிருந்து இறங்கிக் கொம்பூதியின் வழுக்கையில் வந்து உட்கார்ந்தது.

"அவனுக்கா ஆண்டு பிறக்கணும்?" என்று ஒரு குரல். சிரிப்பு. அப்புறம் சிரிப்பு அடங்கியது.

"பொழுது போகுதே!"

கடம்பர் இமைக்கவில்லை. இதோ விழும், இதோ விழும் என்று நெஞ்சு அடித்தது. வெளிச்சம் சிலையின் தலைக்கு மேலே, சாண் தூரத்தில், கிடந்து துள்ளியது.

என்ன தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆதிரை கையால் திருப்புகிறாள். நெஞ்சோடு அணைத்த கண்ணாடியை மூச்சுதான் ஏற்றி இறக்க வேண்டும்.

இந்த இடத்தை விட்டால் இந்த முகம் இனி இல்லை. மலை இடுக்கிலோ கொஞ்சம்தான் மிச்சம்.

"வழி விடுங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு ஓடினார். ஓரமாக நின்று, உச்சியில் எரிந்த அந்தப் பொறியைப் பார்த்துக் கத்தினார்.

"கையால திருப்பாதீங்க! கையைத் தளர்த்துங்க! மூச்சு, அம்மா, மூச்சு!"

மலை இரண்டும் அதைத் திருப்பிக் கத்தின.

"எங்கே இருக்கு, செவ்வந்தி?" திரும்பாமலே கேட்டார்.

"மேலே! இன்னும் மேலேதான்!"

"மூச்சை விடுங்க, அம்மா! மெதுவா! சூடான பால் ஊதுற மாதிரி!"

"கிரீடம்!" செவ்வந்தி அலறினாள். "கிரீடத்துக்கு வந்துடுச்சு!"

"இன்னும் விடுங்க!"

"நெத்தி! ஐயோ, கண்ணு! கண்ணுய்யா!"

"நிறுத்துங்க! அப்படியே அடக்குங்க!"

அவர் முதுகுக்குப் பின்னால் ஊர் வெடித்தது. குலவை, கொம்பு, அழுகை, யாரோ யாரையோ கட்டிக்கொள்ளும் சத்தம்.

கடம்பர் திரும்பவில்லை. திரும்பினால் உச்சியில் ஆதிரையின் மூச்சு தப்பும்.

"அப்படியே! அப்படித்தான்! விடாதீங்க அம்மா!" இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு குதித்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

மலை இடுக்கு மூடிக்கொண்டது.

ஆதிரை மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"பார்த்தீங்களா?"

"முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்."

"அடடா!" என்றாள். "சரி, அடுத்த வருஷம்?"

"கண்ணாடி எனக்குத்தான்."

"கண்ணு தெரியாதே?"

"நீங்க வாசல்ல நின்னு கத்துங்க."