மூங்கில் நைட்டி

"தொடாதேங்கறா சாமி" என்றார் வேதகிரி.

சாமி மடத்து வாசலில் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

கூட்டுவது வேதகிரியின் வேலை. பன்னிரண்டு வருஷமாக, ஓய்வு நாள் வந்தால் இங்கே வந்துவிடுவார். கூட்டுவார், தண்ணீர் இறைப்பார், சாமி பேசினால் கேட்டுக்கொள்வார். இன்று ஓய்வு நாள் இல்லை. அவர் கண்டக்டராக ஓடும் பஸ் மலையடிவாரத்தில் நின்றது. திரும்பப் புறப்பட அரைமணி நேரம் இருந்தது. காக்கி உடுப்போடேயே மேலே ஏறி வந்துவிட்டார்.

துடைப்பத்தை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தைந்து. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடன் குருவைவிட மூத்தவனாக இருக்கக்கூடாதென்று எவன் சொன்னான்? அவர்கள் இருவருக்கும் அதில் தகராறு இல்லை. பார்க்கிறவனுக்கு என்ன வந்தது?

"யாரு தொடாதேங்கறது?"

"என் சம்சாரம். அம்சவேணி."

காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், இரண்டு மாதம் முன்பு அம்சவேணிக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்துவிட்டது. பிழைத்ததே பெரும்பாடு. இப்போது புதுத்தோல் வந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கால் ஆறவில்லை. நடக்க முடியாது. குளிக்கவும் கொள்ளவும் யாராவது தூக்கித்தான் போக வேண்டும்.

"ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல வீட்டுக்கு ஓடறேன் சாமி. தூக்கறேன், இறக்கறேன், மறுபடி பஸ்ஸைப் பிடிக்க ஓடறேன். சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. அலுத்துப்போச்சு. அதுகூடப் பரவாயில்ல. தூக்கினா அழறா. எரியுதுங்கறா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"உரசாத துணியாப் பாருங்கன்னாரு. மூங்கில் நாருல நெய்யற துணி இருக்கு சாமி. கடை கடையா அலைஞ்சு வாங்கினேன். மெத்துனு இருக்கும், வேர்வையை இழுத்துக்கும், ஒட்டாது, நாத்தம் பிடிக்காது, வெயில்ல ஜில்லுனு இருக்கும்..."

பஸ்ஸில் நிறுத்தங்களைக் கூவுகிற அதே மூச்சில் சொல்லி முடித்தார்.

"கடைக்காரன் சொன்னதா?"

"அவன் இன்னும் என்னென்னமோ சொன்னான். அதை விடுங்க. ஆனா துணி நல்ல துணி, நானே தொட்டுப் பார்த்தேன். விரிப்பு, தலகாணி உறை, ரெண்டு நைட்டி. எல்லாம் மூங்கில். படுத்திருந்தா நிம்மதியா இருக்கா. நான் தூக்கினாத்தான் எரியுது."

"வேற யாராவது தூக்கினா?"

வேதகிரியின் முகம் சுருங்கியது.

"பக்கத்து வீட்டு மேரியக்கா தூக்கினா வாயே திறக்கறதில்ல சாமி."

சாமி கூட்டுவதை நிறுத்தினார்.

"இருபத்தெட்டு வருஷம். என் கைதான் பிடிக்கலையா, நானே பிடிக்கலையா, தெரியல. அண்ணன் வீட்டுக்குப் போறேன்னுட்டா. இன்னிக்கு மத்தியானம் அவரு கார் எடுத்துட்டு வர்றாரு. போனா திரும்பி வருவாளான்னு பயமா இருக்கு."

சாமி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். மண்டபத்துத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். இடுப்பில் வேட்டி. மேலே ஒன்றுமில்லை.

"தூக்குங்க கண்டக்டரே."

"சாமி?"

"அவங்களை எப்படித் தூக்குவீங்களோ அப்படி. கிணத்தடி வரைக்கும்."

நல்லவேளை, சாமி ஒடிசலான ஆள். வேதகிரி குனிந்து, கழுத்துக்குக் கீழ் ஒரு கை, முழங்காலுக்குக் கீழ் ஒரு கை கொடுத்துத் தூக்கினார். மார்போடு அணைத்துக்கொண்டு கிணற்றடி வரை போனார். திரும்பி வந்தார். இறக்கினார்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை போய் வந்தார்.

"இன்னும் ஒண்ணு."

"முட்டி கழண்டுரும் சாமி!"

"அவங்ககிட்ட இப்படிச் சொல்வீங்களா?"

மறுபடி தூக்கினார். இறக்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"என் கை முரடா சாமி? உண்மையைச் சொல்லுங்க."

"கையில ஒரு குத்தமும் இல்ல. குழந்தையைத் தூக்கற கை."

"அப்புறம் ஏன்?"

சாமி எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சைச் சொறிந்துகொண்டார்.

வேதகிரி பார்த்தார். சாமியின் விலாவில் பொத்தான் பொத்தானாகச் சிவந்திருந்தது. தோளுக்குக் கீழே ஒரு நீளக் கீறல். சட்டைக் கையின் மடிப்பு உரசிய இடத்தில் தோல் கன்றியிருந்தது.

வேதகிரி குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டார். கஞ்சி போட்ட காக்கி. பெயர்த் தகடு. பையில் இரண்டு பேனா, ஒரு விசில்.

அடிவாரத்தில் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஓடுங்க" என்றார் சாமி. துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

வேதகிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அம்சவேணியின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"ஒரு தடவை பாத்ரூம் போகணும். மேரியக்காவைக் கூப்பிடுங்க" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

அவர் கூப்பிடப் போகவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்தார். உள்ளே பனியன் வேர்வையில் ஊறியிருந்தது. வேர்வை பட்டால் எரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் கழற்றினார். மார்பிலும் வேர்வைதான். பீரோவைத் திறந்தார். இருந்தது எல்லாம் பாலியெஸ்டர். இந்த வீட்டில் தனக்கென்று மெத்தென்ற துணி ஒன்றுகூட இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பின்கட்டுக் கொடியில் அவளுடைய இன்னொரு நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

வேதகிரி உடம்பைத் துடைத்தார். நைட்டியை எடுத்துத் தலைவழியாக மாட்டினார். ஊதாப்பூ போட்டது. அக்குளில் இறுக்கியது. காக்கிப் பேன்ட் கீழே எட்டிப் பார்த்தது.

அம்சவேணி திரும்பிப் பார்த்தாள்.

"என்ன கண்றாவிங்க இது!"

"பேசாம இரு."

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. உதடு வெடிக்குது."

அவர் குனிந்து தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். எரியுது என்பாள், இதோ சொல்லப் போகிறாள் என்று நின்றார்.

அவள் சொல்லவில்லை. அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது.

வேதகிரிக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாத்ரூம் வரை போனார். காத்திருந்து, மறுபடி தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

"இறக்கட்டுமா?"

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

வாசலில் கார் நின்றது. அவள் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நைட்டியைப் பார்த்தார். நைட்டிக்குள் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"பெட்டியை எடுத்து வண்டியில வைக்கட்டுமாம்மா?" என்றார் கடைசியில்.

அம்சவேணி தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வந்தது வந்துட்டே. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுக் கிளம்புண்ணே."