வர்றனுங்க

ஒரு வார்த்தை, ஒரு பெண்ணைக் கோடைக்காலம் முழுக்க உட்காரவிடாமல் அடித்த கதை இது. பாதியிலேயே "ஐயோ பாவம்" என்று உருகிவிடாமல் காது கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போகிறவர் நீங்கள்தான்.

பல்லடத்துக் கோகிலவாணிக்கு நீரியல் மேற்படிப்பின் மேல் ஆசை. அப்பா பழனிசாமி தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிற மனிதர் வீட்டில், அரிசி களைந்த தண்ணீரைக்கூடப் பிடித்துவைத்துத்தான் பாத்திரம் கழுவுவார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு மழை என்றால் பைத்தியம். அவள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்கள் இரண்டு. ஒன்று மேகாலயத்து மலையில், துவைத்த துணி காயாத ஊரில். மற்றது ராஜஸ்தானத்துப் பாலைவன ஓரத்தில், மேகம் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்க்கிற ஊரில். மனசு மலைமேல் கிடந்தது. முதலில் கூப்பிட்டதோ பாலைவனம்.

நேர்முகத்துக்கு அப்பாவும் மகளும் ரயிலேறிப் போனார்கள். துறைத்தலைவர் தமயந்தி பெருந்துறைக்காரர். படிக்கப் போன இடத்திலேயே தங்கி, அங்கேயே தலை நரைத்தவர். கோகிலா வாயைத் திறந்ததுமே, ஊர்ப்பேச்சைக் கேட்ட மகிழ்ச்சியில் அந்த அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. நேர்முகம் முடிந்த கையோடு, மணலுக்கடியில் மழைநீரைச் சேர்த்துவைக்கிற பழைய தொட்டிகளைக் கூட்டிப்போய்க் காட்டினார். கோகிலாவுக்கும் பிடித்துத்தான் போயிற்று.

"உனக்கு எடம் உண்டு கண்ணு. பின்னால ஒரு பீகார்ப் பொண்ணு காத்துக்கிட்டிருக்குது. நீ வர்றதா இருந்தா வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். காகிதமெல்லாம் பொறகு பாத்துக்கலாம்" என்றார் தமயந்தி.

மலையிலிருந்து பதில் வராத நேரம் அது. அப்படி ஓர் இடத்துக்கும் எழுதிப்போட்டிருப்பதைச் சொல்லக் கோகிலாவுக்கு நா எழவில்லை. "யோசிச்சுச் சொல்றனுங்க மேடம்" என்று நழுவினாள்.

சாயங்காலம் கிளம்பினார்கள். சாப்பாடு போட்ட சமையல்காரரைப் பார்த்து "வர்றனுங்க" என்றாள். தமிழில் ஒரு எழுத்தும் அறியாத வாசல் காவலரிடமும் "வர்றனுங்க" என்றாள். ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு தமயந்தியிடம் திரும்பியபோது, பழகிய வாய் அதையேதான் சொன்னது: "அப்ப வர்றனுங்க மேடம்."

தமயந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. "வா கண்ணு, வா! வர்றப்ப நம்மூர்ல இருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்னு கொண்டா. இங்க எத்தன வெச்சும் புடிக்க மாட்டேங்குது."

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. இவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. ஆட்டோக்காரர் வேறு அவசரப்படுத்தினார். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

கோடை தொடங்குகிற சமயத்தில் மலையிலிருந்து அழைப்பு வந்தது. கோகிலா வீட்டுக்குள் குதித்த குதியில் அடுப்படிப் பாத்திரம் உருண்டது. அன்று சாயங்காலமே தமயந்தியின் மலர்ந்த முகம் நினைவுக்கு வந்தது. ஸ்வெட்டரைப் பையில் வைப்பாள், எடுப்பாள். மொட்டை மாடிக்கு ஏறுவாள், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்குவாள். போனைக் கையில் எடுப்பாள், கீழே வைப்பாள். முடிவில் பல்லைக் கடித்துக்கொண்டு தமயந்தியைக் கூப்பிட்டு, மலையில் இடம் கிடைத்ததைச் சொல்லிவிட்டாள்.

"நீதான் வர்றேன்னு சொன்னியே கண்ணு?"

"அது... கெளம்பறப்ப சொல்றதுங்க மேடம்."

தமயந்தி மெல்லச் சொன்னார்: "ஆமால்ல? நம்மூர்ல அப்படித்தான சொல்லுவோம். இங்க எங்கிட்ட அப்படிச் சொல்லீட்டுப் போக ஆளே இல்லியா, மறந்தே போச்சு. அந்த பீகார்ப் பொண்ணுகிட்ட எடமில்லைன்னு சொல்லீட்டனே. அது ஏதோ வேலைல சேந்துருச்சாம்."

அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கோகிலா நிம்மதியாக மலைக்கு மூட்டை கட்டியிருப்பாள்.

"போறேன்னு சொல்லக்கூடாதுன்னுதான் வர்றேங்கறோம்" என்றார் பழனிசாமி. "நான் தண்ணி ஊத்தற ஊட்டுலெல்லாம் வர்றனுங்கன்னுதான் சொல்றேன். அதுக்காக அத்தன ஊட்டுக்கும் குடி போறதா?"

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை.

வார்த்தை சொன்னாலே போதும் என்றவர் ஒருவர். அது வெறும் வழக்கம் என்கிறவர் ஒருவர். நடுவில் நிற்கிற பெண்ணுக்கோ மழை வேண்டும். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: கோகிலா வாக்குக் கொடுத்தாளா, இல்லையா? கொடுத்தாள் என்றால், எந்த வார்த்தையால்?

விடை: "வர்றனுங்க" வாக்கே அல்ல. காவலருக்கும் சமையல்காரருக்கும் சொன்னதைத்தான் தமயந்திக்கும் சொன்னாள். அதில் பழனிசாமி பேசியது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் விடைபெற்றுப் போகிறவளிடம் யாரும் கறிவேப்பிலைக் கன்று கேட்பதில்லை. தான் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது தெரிந்த பிறகு சொன்ன அந்தச் "சரிங்க" இருக்கிறதே, அதுதான் வாக்கு. கோகிலாவை உட்காரவிடாமல் அடித்த வார்த்தையும் அதுதான். இதை அவள் கண்டுகொண்ட நாளில் ஸ்வெட்டரை மடித்துப் பீரோவில் வைத்தாள். வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். மலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கன்று வாங்கிக்கொண்டு திருப்பூரில் ரயிலேறினாள். வண்டி நகரும்போது வழக்கம்போல வாய் வரைக்கும் வந்த வார்த்தை நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் யோசித்து, நடைமேடையில் நின்ற அப்பாவைப் பார்த்து, "வர்றனுங்கப்பா" என்றாள். பழனிசாமி கூடவே நடந்துகொண்டு கேட்டார்: "இது வாக்கா கண்ணு, சும்மா சொல்றதா?"

"வாக்குத்தானுங்கப்பா" என்றாள் கோகிலா, மடியிலிருந்த கன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.