கல்யாணச் சமையல்காரர் கட்டிய மூட்டை

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதை நடத்தி வந்தவர் உலகம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கோ ஐம்பத்தெட்டு. பெயர் ஆவுடையப்பன். முப்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்தவர். ஆயிரம் இலைக்கு எத்தனை தேங்காய் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலை உச்சியில் இருக்கிற சுனையில் குளித்துவிட்டு, தன் காலால் நடந்து திரும்புகிறவருக்குத்தான் தீட்சை. ஏற இரண்டு நாள், இறங்க இரண்டு நாள். வழியில் தீ மூட்டக் கூடாது. எல்லாம் காய்ந்த புல், ஒரு பொறி போதும். மழை விழுந்துவிட்டால் அடுத்த தை மாதம் வரை பாதை கிடையாது.

ஆவுடையப்பனுக்கு முழங்கால் வலி. வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது. இந்த வருஷம் ஏறாவிட்டால் தீட்சை வாங்காமலே செத்துப்போவோமோ என்று நிஜமாகவே பயந்தார்.

மழைக்கு இன்னும் இருபது நாள் இருக்கும்போது உலகம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, அடுப்பு மூட்ட முடியாத இடத்துக்கு எதைக் கட்டிக்கிட்டுப் போகணும்?"

"அதை நீங்களா என்கிட்டக் கேக்கீங்க?"

"அடுப்பு இல்லைன்னா எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"தெரிஞ்சதைக் கட்டிக் கொண்டாங்க. பாப்போம்."

மறுநாள் மூட்டை வந்தது. மூட்டையா அது! புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், முறுக்கு, லட்டு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி இருந்தது.

உலகம்மை அதைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு வேப்பமரத்தைக் காட்டினார்.

"வெயில் படுற கிளையில கட்டித் தொங்கவிடுங்க. நாலு நாளைக்கு தினமும் பிரிச்சு மோந்து பாருங்க."

"மோந்து பாத்தா?"

"அதுவே சொல்லும்."

ஆவுடையப்பனுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக வேடிக்கை பிடித்துவிட்டது. காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் மரத்தடிக்கு ஓடினார். முதல் நாள் சாயந்திரமே தேங்காய்ச் சாதம் ஊசிப்போயிற்று. தயிர்ச் சாதம் புளித்துப் பொங்கியது. மறுநாள் மத்தியானம் புளியோதரையைப் பிரித்தால் நூல் விடுகிறது.

"அட, நீயுமா!" என்று அதைத் திட்டினார்.

லட்டை எறும்பு கொண்டுபோனது. முறுக்கு நொறுங்கித் தூளாய்க் கிடந்தது. ஒரு வாய் போட்டுப் பார்த்தார், இரண்டு செம்புத் தண்ணீர் கேட்டது.

அதன் பிறகு அவரே யோசித்தார். சிவப்பரிசி, பாசிப்பயறு, நிலக்கடலை, எள் எல்லாவற்றையும் தனித்தனியாய் வறுத்து இடித்து, கருப்பட்டி சேர்த்து உருண்டை பிடித்தார். அவல் எடுத்துக்கொண்டார். ஓடைத் தண்ணீரில் நனைத்தால் அதுவே சாப்பாடு. கொஞ்சம் பொட்டுக்கடலை. வாய்க்கு உப்பிட்டுக் காயவைத்த நெல்லிக்காய். இந்த மூட்டையும் நாலு நாள் வெயிலில் தொங்கியது. ஒன்றும் கெடவில்லை. சந்தோஷத்தில் மடத்துப் பசுவிடம்கூட ஒரு உருண்டையை நீட்டினார்.

ஆனால் அளவில் வந்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு ஆளுக்கு எவ்வளவும்மா கட்டணும்?"

"உங்களுக்கு எவ்வளவு பசிக்கும்?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். "ஆயிரம் பேர் பசின்னா சொல்லிருவேன். என் பசி எனக்குத் தெரியலையேம்மா. அடுப்புப் புகையிலேயே வயிறு நிறைஞ்சு பழகிட்டு."

"அப்ப பொழுதைப் பாத்துத் தின்னுங்க. ஒரு நாளைக்கு ஆறு உருண்டை."

இருபத்துநாலு உருண்டையை எண்ணிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நடையில் அப்படி ஒரு மிடுக்கு.

நாலாம் நாள் வர வேண்டியவர் மூன்றாம் நாள் சாயந்திரமே வந்துவிட்டார். நடந்து வரவில்லை. இரண்டு கம்பில் வேட்டியைக் கட்டித் தூளியாக்கி, நாலு பேர் சுமந்து வந்தார்கள். விடியும்போது மழை பிடித்துக்கொண்டது.

கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்ததும் ஆவுடையப்பன் அழுதார். "போச்சும்மா. இந்த வருஷமும் போச்சு."

"என்ன நடந்தது?"

"முதல் நாள் சாயந்திரம் ஓடைக்கரையில இவங்க நாலு பேரும் உக்காந்திருந்தாங்க. தறி நெய்யுறவங்க. கட்டிக் கொண்டுவந்த சோறு கெட்டுப்போயி கொட்டிட்டாங்க. முகமெல்லாம் வாடிக் கிடந்துது. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலை. தேக்கிலை பறிச்சுப் போட்டுப் பரிமாறினேன். மறுநாள் காலையில மிச்சத்தையும் இவங்க இலையிலயே வச்சுட்டேன்."

நால்வரில் மூத்தவர் மாடக்கண்ணு. வாசல் பக்கம் நின்றிருந்தவர் சொன்னார்: "போதும் போதும்னு கையைக் குறுக்க வச்சோம். அண்ணாச்சி விடலை. நீங்க சாப்பிடலையான்னு கேட்டா, நான் அப்புறம்னு சொல்லிட்டாரு. மத்தியானம் ஏத்தத்துல அப்படியே சரிஞ்சு விழுந்தாரு."

"நீங்க உச்சிக்குப் போகலையா?" என்று உலகம்மை கேட்டார்.

"அண்ணாச்சியை விட்டுட்டு எப்படிம்மா போக? காட்டு நெல்லிக்காயைத் தின்னு தண்ணியைக் குடிச்சுட்டே இறங்கிட்டோம். என் மகளுக்கு மூணு வயசாகியும் பேச்சு வரலை. சுனைத் தண்ணி கொண்டாந்து அவ நாக்குல தொடுதேன்னு நேந்திருந்தேன். பரவாயில்லை, அடுத்த தை வரட்டும்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆவுடையப்பன் தலை நிமிரவே இல்லை. அந்த நேர்த்திக்கடன் அவருக்கு இப்போதுதான் தெரியும்.

வெளியே மழை அடித்து ஊற்றியது. ஆவுடையப்பன் மெல்லக் கேட்டார்:

"நான் குடுத்தது தப்பாம்மா?"

"எத்தனை இலை போட்டீங்க?"

"நாலு."

"ஓடைக்கரையில எத்தனை பேர் இருந்தீங்க?"

"நாலு பேரும்மா."

உலகம்மை மறுபடியும் அதையே கேட்டார். ஆவுடையப்பன் மறுபடியும் நாலு என்றார். முப்பது வருஷம் பந்தியில் ஒரு தலையைத் தப்ப விடாமல் எண்ணியவர்.

மாடக்கண்ணுதான் சொன்னார்: "அஞ்சு பேரு அண்ணாச்சி."

ஆவுடையப்பன் விரல் மடக்கி எண்ணி, ஐந்தாவதாகத் தன் நெஞ்சைத் தொட்டார். அப்புறம் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"முழங்கால் விட்டா அடுத்த தையில ஏறணும்மா. இவரையும் கூட்டிக்கிட்டு. மூட்டையில இன்னும் என்ன சேக்கணும்?"

"மூட்டையில ஒண்ணும் சேக்க வேண்டாம்" என்றார் உலகம்மை. "இலைதான் ஒண்ணு கூடப் போடணும்."