தேங்காய் எடைப் பை

என் தொந்தியைப் பார்த்த எவரும், நான் பன்னிரண்டு காதம் நடந்து மலை ஏறியவன் என்று நம்ப மாட்டார்கள். ஏறினேன். எல்லாம் என் வாய் செய்த வேலை.

செங்கழுநீர்ப்பட்டணத்து அரசர் வீரமுடையாரின் ஆஸ்தானப் புலவன் நான். பெயர் வில்வநாதன். ஒருநாள் அரசர், ஏழுமுடி மலைக் கோயிலுக்கு நடந்தே போகப் போவதாகச் சபையில் அறிவித்தார். ஐந்து நாள் நடை. அவரவர் மூட்டையை அவரவரே சுமக்க வேண்டுமாம்.

உடனே தளவாய் உமையொருபாகர் எழுந்தார். படை நடத்தியவர் அல்லவா? என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று அடுக்கினார். இரும்புச் சட்டி, இரண்டு கம்பளி, கோடரி, துவையல் அரைக்க அம்மிக்குழவி.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மகாராஜா, முதுகில் ஒரு தேங்காய் எடைக்கு மேல் சுமப்பவனுக்கு நடக்கத் தெரியாது என்று அர்த்தம்," என்றேன்.

சபை சிரித்தது. அதுவரை நான் நடந்த அதிகபட்ச தூரம், என் வீட்டுக் கூடத்திலிருந்து வாசலில் நிற்கும் பல்லக்கு வரைக்கும்.

"பை இலேசானால் வழியெல்லாம் கையேந்த வேண்டியதுதான்," என்றார் தளவாய்.

"கையேந்தினால், என் ஆஸ்தான இருக்கையை உம் மைத்துனருக்கே கொடுத்துவிடுகிறேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த மைத்துனர் கவி பாடுவார். நான் கேட்டிருக்கிறேன்.

அரசர் மீசையைத் தடவினார். "நல்லது. இருவரும் என்னோடு வாருங்கள். புலவர் பை தேங்காய் எடை. தளவாய் இஷ்டம்போல் சுமக்கட்டும். இருவருக்கும் விதி ஒன்றுதான். வழியில் எதையும் வாங்கக் கூடாது. புலவர் வாங்கினால் இருக்கை போகும்."

வீட்டுக்கு வந்து பை தேடினேன். தோல் பை காலியாகவே இரண்டு தேங்காய் கனத்தது. சாக்குப் பை முதுகைச் சொறிந்தது. கடைசியில் என் மனைவி செங்கமலம் மல் துணியில் ஒரு பை தைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெரிசா தைக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். துணி எடை கூடிவிடும்."

வேப்பங்குச்சியைப் பாதியாக ஒடித்தேன். சீப்பையும் பாதியாக ஒடித்தேன். "முடியே இல்லாத தலைக்குச் சீப்பு எதுக்கு?" என்று அவள் கேட்ட பிறகுதான் அந்தப் பாதியையும் பையிலிருந்து வெளியே போட்டேன். நான் பாடிய நூறு ஏடுகளை மட்டும் விட மனம் வரவில்லை. அவளே உருவிப் போட்டாள்.

"இவ்வளவு கணக்குப் பாக்கறீங்களே, அந்தத் தொந்தியக் குறைச்சா பத்துத் தேங்காய் குறையுமே!"

நான் தராசை எடுக்கப் போனேன். ஒரு வேட்டி, ஒரு சுரைக்குடுக்கை, ஐந்து நாளுக்கு அவல். தராசில் தேங்காய்த் தட்டு கீழே இறங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் கைவீசி நடந்தேன். அரசர் முன்னால், நான் நடுவில், தளவாய் வெகு தூரம் பின்னால். மத்தியானம் ஒரு மர நிழலில் உட்கார்ந்து, ஐந்து நாள் அவலையும் தின்று தீர்த்தேன். பை இன்னும் இலேசாகிவிட்டது என்று பெருமை வேறு.

இரண்டாம் நாள் மழை. மல் துணி தண்ணீரைக் குடித்துப் பூசணிக்காயாகக் கனத்தது. மூன்றாம் நாள், எடை குறையட்டும் என்று நான் மெல்லியதாக வெட்டியிருந்த பையின் தோள்வார் அறுந்தது. பையைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். கீழே கிடந்த நாவல்பழம்தான் சாப்பாடு. பொறுக்குவது வாங்குவது ஆகாதல்லவா?

நான்காம் நாள் ஒரு இடைச்சி எதிரே வந்தாள். "ஏன் சாமி இப்படி வாடிக் கெடக்கீங்க? இந்தாங்க," என்று ஒரு சொம்பு மோரை நீட்டினாள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் மணத்தன. அந்த நேரத்தில் ஆஸ்தானமாவது, இருக்கையாவது! வாங்கிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். பின்னால் தளவாய் நின்றிருந்தார். சிரித்தார்.

ஐந்தாம் நாள் மலையுச்சி. நான் ஏறி முடித்தபோது அரசர் மண்டபத்தில் அமர்ந்திருந்தார். மலைபோன்ற மூட்டையோடு கடைசிப் படியில் கால் வைத்ததும் தளவாய் கத்தினார்.

"மகாராஜா... ஹா... புலவர்... ஹா... வாங்கினார்!"

"என்ன வாங்கினார்?"

"மோர்... ஹா... என் கண்ணால்... ஹா... பார்த்தேன்!"

"உண்மையா, புலவரே?"

என் காதில் மைத்துனரின் கவி ஒலிக்க ஆரம்பித்தது. பொய் சொல்லலாம்தான். ஆனால் என் மீசையில் நேற்றைய கறிவேப்பிலை இன்னும் ஒட்டியிருந்தது.

"உண்மைதான், மகாராஜா. ஒரே ஒரு முறை வாங்கினேன். ஆனால் தளவாய் முதல் காதத்திலிருந்தே வாங்குகிறார். படிக்குப் படி வாங்கினார். இதோ, தங்கள் முன்னால் நின்றுகொண்டே வாங்குகிறார்!"

"பொய்! நான்... ஹா... என்ன... ஹா... வாங்கினேன்?"

"மூச்சு!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீர் மூச்சு வாங்கவில்லையோ?" என்றார்.

"இந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வேன், மகாராஜா?"

"அப்படியானால் இருவரும் விதி மீறியவர்கள். ஆட்டம் சமம். இருக்கை உமக்கே இருக்கட்டும். என்னைச் சிரிக்க வைத்ததற்குப் பரிசும் உண்டு. இந்த மலையின் ஏலக்காய், இருவருக்கும் அவரவர் பை கொள்ளுமட்டும்!"

நான் துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் பைகளைப் பார்த்தேன்.

தளவாய் சட்டியை வீசினார், கோடரியை வீசினார், அம்மிக்குழவியையும் உருட்டிவிட்டு மூட்டையை வாய்வரை நிரப்பிக்கொண்டார். என் பையில் இரண்டு கைப்பிடி போட்டதும் நிறைந்துவிட்டது.

தளவாய் மூச்சு வாங்கிக்கொண்டே மலை இறங்கினார். நான் பெருமூச்சு விட்டுக்கொண்டே இறங்கினேன். வாங்கத்தானே கூடாது?