பதின்மூன்று மீட்டர் ஏணி

தணிகாசலம் வாத்தியார் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். அவரிடம் படித்தவர்களில் ஆண்டுக்குப் பத்துப் பேராவது நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். அவர்கள் முகம் போட்ட பேனர்களைக் கட்டப் பள்ளியின் சுற்றுச்சுவர் போதவில்லை.

அப்படி நூறு வாங்கிய இன்பவல்லி, கல்லூரியில் முதல் பருவத் தேர்விலேயே கணக்கில் தோற்றுப்போனாள். வாத்தியார் அவளையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். அங்கே துறைத் தலைவர் வேதநாயகி அம்மாள், ஒரு காலத்தில் அவருக்கே பாடம் சொன்னவர்.

"ஏழு மார்க் போட்டா பாஸ் ஆயிடுவாம்மா. படிப்பை நிறுத்திடறேன்னு அவங்கப்பா ஒத்தைக்கால்ல நிக்கிறார்."

"நூறு வாங்கின பொண்ணுன்னா சொல்றே?"

"சத்தியமா. எங்கிட்ட படிச்சவ."

அம்மாள், தான் தயாரித்த அந்தத் தேர்வின் கேள்வித்தாளை நீட்டினார். "முதல் கணக்கைப் போடு."

சுவரில் சாய்த்த பதின்மூன்று மீட்டர் ஏணி. கீழ்முனை சுவரைவிட்டு விலகுகிறது. மேல்முனை என்ன வேகத்தில் இறங்கும்? இருபது வருஷப் பழக்கம். கண் முதல் வரியில் இருக்கும்போதே கை கடைசி வரிக்குப் போய்விட்டது. விடையைச் சுற்றி ஸ்கேல் வைத்துப் பெட்டி வேறு போட்டார்.

"விநாடிக்கு ஆறில் ஐந்து மீட்டர்."

"இவளும் அதையேதான் எழுதினா. பெட்டிகூட இதே மாதிரிதான்."

"அப்ப சரிதானேம்மா?"

அம்மாள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் நின்ற இன்பவல்லிதான் மெல்லச் சொன்னாள்.

"சார், புத்தகத்துல கீழ்முனை சுவத்துலேர்ந்து அஞ்சு மீட்டர்ல இருக்கும். இதுல பதினஞ்சு சார்."

"இருந்துட்டுப் போகட்டுமே?"

"ஏணியே பதிமூணு மீட்டர்தான் சார்."

வாத்தியார் மறுபடி படித்தார். ஏணி சுவரைத் தொடவே வழியில்லை. அவர் காதுமடல் சுட்டது.

"நீ எப்ப கண்டுபிடிச்சே?"

"பேப்பரைத் திருத்திக் கொடுத்தப்புறம் சார். கேள்வியை முழுசாப் படிச்சா நேரம் போயிடும்னு நீங்கதான்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாத்தியார் கேள்வித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அந்த ஏழு மதிப்பெண்ணை அவர் திரும்பக் கேட்கவில்லை.

"அடுத்த தடவை எழுதிப் பாஸாயிடுவா. இப்ப கேள்வியைப் படிக்கிறாளே" என்றார் அம்மாள்.

"அதுவரைக்கும் அவங்கப்பா பொறுக்கணுமே. அவர்கிட்ட நான் என்னம்மா சொல்றது?"

"அந்த நூறு அவளுது இல்லே, உன்னுதுன்னு சொல்லு."

தணிகாசலம் மடித்த கேள்வித்தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அம்மாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தனியாப் போக வேண்டாம், நானும் வரேன். உனக்குத் தொண்ணூத்திரண்டு போட்டவ நான். அன்னிக்குக் கேள்வித்தாள்ல புத்தகத்து எண்ணை நான் மாத்தலே."