மணிக்கு எவ்வளவு, அண்ணாச்சி?

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, அதற்கப்புறம் நீண்டு கிடக்கும் விசா வரிசையையும் தாண்டினால் ஒரு ஊர் வரும். நெதர்லாந்து தேசத்தில் அதற்கு உட்ரெக்ட் என்று பேர். அங்கே ரயிலடிக்குப் பக்கத்தில் காசு போட்டுத் துணி துவைக்கிற கடை ஒன்று. சனிக்கிழமை காலையில் எட்டிப் பார்த்தால் நம்ம ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூவருமே எந்தக் கம்பெனியிலும் நிரந்தரமாக இல்லாமல், காண்ட்ராக்ட் பேசி மணிக்கணக்கில் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்கள்.

அன்றைக்குத் தென்காசி செண்பகா துணியை மெஷினில் போட்டுவிட்டு போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். தக்காளித் தோட்டங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் ஹென்ட்ரிக், மணிக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டுமாம். போன வருஷம் ஐம்பது யூரோவுக்குத் தலையாட்டிவிட்டு, வரியும் வாடகையும் போக, ஊருக்குப் போய்வர டிக்கெட்டுக்குக்கூட மிஞ்சவில்லை அவளுக்கு. இந்தத் தடவையும் இறங்கிப்போனால் இன்னொரு வருஷம் அதே பாடு. கறாராக நின்றால் வேலையே கைவிட்டுப் போகலாம்.

“எண்பதுன்னு எழுதிட்டேன். கீழே ‘குறைச்சுக்கலாம்’னு ஒரு வரி போட்டிருக்கேன்” என்றாள்.

“அவர் கேக்கறதுக்கு முன்னாடி நீயே குறைச்சுருவியா? நல்லாத்தான் இருக்கு” என்றான் காயல்பட்டினத்து ரிஸ்வான். எதையும் லேசில் நம்பாதவன்.

மூன்றாவது ஆள் கோவில்பட்டி தங்கமாரியப்பன். இருவருக்கும் அண்ணாச்சி. காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

“நார்வேயில நான் ரேட் பேசின கதை தெரியுமா தங்கச்சி? மேனேஜர் எவ்வளவுன்னு கேட்டான். இருநூறு யூரோன்னேன். நாற்காலியோட பின்னால விழுந்தான். நாற்காலி ஒடைஞ்சுபோச்சு. வேற நாற்காலி கொண்டாந்தாங்க. திரும்பக் கேட்டான். திரும்பச் சொன்னேன். திரும்ப விழுந்தான். சாயங்காலத்துக்குள்ள அந்த ஆபீஸ்ல முழு நாற்காலின்னு ஒண்ணு கிடையாது. கடைசியில நின்னுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டான்.”

“மணிக்கு இருநூறா? அண்ணாச்சி, நம்புற மாதிரி சொல்லுங்க.”

அண்ணாச்சி நெற்றியில் தட்டிக்கொண்டார். “மறந்தே போச்சு பாரு ரிஸ்வானு. இருநூறு, நான் சும்மா உக்காந்திருக்கதுக்கு. வேலை செஞ்சா முந்நூறு.”

செண்பகா சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அந்தக் கடைசி வரியை அழித்துவிட்டு, எண்பதை மட்டும் அனுப்பினாள்.

“அந்தக் காண்ட்ராக்ட்ல ஒரு ஷரத்து வச்சேன்” என்று அண்ணாச்சி தொடர்ந்தார். “சூரியன் மறைஞ்ச பிறகு செய்யுற வேலைக்கு ரெட்டைச் சம்பளம். என்னமோ சின்ன விஷயம்னு ஒத்துக்கிட்டான். நான் நேரா வடகோடிக்குப் போய் உக்காந்துட்டேன். அங்க நவம்பர்ல மறைஞ்ச சூரியன் ஜனவரியிலதான் தலையைக் காட்டும். ரெண்டு மாசமும் ரெட்டைச் சம்பளம்!”

“அங்கே குளிர் எப்படி?” என்று கிண்டினான் ரிஸ்வான்.

“அதை ஏன் கேக்க? நான் எழுதுன புரோகிராம் பாதி வழியில உறைஞ்சு நின்னுரும். மடியில வச்சுச் சூடுகாட்டித்தான் அனுப்புவேன்.”

அப்போது போன் சிணுங்கியது. ஹென்ட்ரிக்தான். ‘எண்பது மிக அதிகம். நாங்கள் அறுபது நினைத்திருந்தோம்.’

செண்பகாவின் முகம் சுருங்கியது. ‘சரி’ என்று எழுத விரலைக் கொண்டுபோனாள். அண்ணாச்சிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் சம்பளம் வாங்குகிற இடத்துக்கு வந்துவிட்டார்.

“எனக்குக் குடுக்க அந்தக் கம்பெனியில அவ்வளவு பணம் இல்ல. அதுக்குப் பதிலா ஒரு தீவை எம்பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க.”

“தீவா? அடப் போங்க அண்ணாச்சி!”

“ஒண்ணுன்னா சொன்னேன்? ரெண்டு. ஒண்ணு குடியிருக்க, ஒண்ணு வண்டி நிறுத்த.”

செண்பகாவின் விரல் நின்றது. இந்த மனுஷனை ரிஸ்வான் காலையிலிருந்து சந்தேகப்படுகிறான். ஒரு தடவையாவது இறங்கினாரா? ஏறிக்கொண்டல்லவா போகிறார்!

“எங்கே அந்த ரெண்டு தீவும்?” ரிஸ்வான் விடவில்லை.

“ஐஸ் தீவுல்லா! ஏப்ரல் வெயில்ல உருகிருச்சு. இல்லேன்னா மெஷினுக்குப் போடச் சில்லறை கேட்டு உங்கிட்ட வந்து நிப்பேனா?”

“நான் பதில் அனுப்பிட்டேன்” என்றாள் செண்பகா.

“என்னன்னு தாயி?”

“‘மன்னிக்கணும், எண்பது பழைய ரேட். இப்ப எண்பத்தஞ்சு’ன்னு.”

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். “அய்யய்யோ! அழி, உடனே அழி! நிசமான ஆளுகிட்ட இப்படியெல்லாம் பேசலாமா? பொழப்புல்லா போயிரும்!”

“அவர் படிச்சுட்டார்.”

மூன்று தலைகளும் போனின் மேல் குனிந்தன. பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது. செண்பகா உரக்கப் படித்தாள். ‘எண்பதுக்கே முடித்துக்கொள்வோமே? திங்கட்கிழமை வந்துவிடுங்கள்.’

ஒப்புக்கொண்டு பதில் போட்டவள், மெஷினிலிருந்து துணியை எடுத்துப் பையில் திணித்தாள்.

ரிஸ்வான் தன் துணியை அள்ளிப் பையில் போட்டான். “அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க பேசினதுல அந்த ‘அய்யய்யோ’ ஒண்ணுதான் சத்தியமான வார்த்தை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

செண்பகாவும் பையைத் தூக்கினாள். அண்ணாச்சி வாசல்வரை கூடவே வந்தார். ரிஸ்வான் தெருமுனை திரும்பிவிட்டானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“தாயி, அந்த ஹென்ட்ரிக்குக்கு இன்னொரு ஆள் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். நாலு மாசமா சும்மாதான் இருக்கேன்.”

“கட்டாயம் கேக்கேன் அண்ணாச்சி. மணிக்குத் தொண்ணூறுன்னு சொல்லுதேன்.”

“தொண்ணூறா? யாரு தாயி நம்புவா?”

“நம்பலேன்னா நூறாக்கிருவேன்” என்றபடி அவள் நடையைக் கட்டினாள்.

“அறுபதுன்னே சொல்லு தாயி! நில்லு, அறுபது போதும்!” உள்ளே ஓடி ஈரத்துணியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட, அண்ணாச்சியும் அவள் பின்னாலேயே ஓடினார்.